அம்புக்குறி நானாவின் பெயர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மதுரங்குளியில் எங்கள் டயர் கடையில் ஒரு வேனின் முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மன்னாரைப் பிறப்பிடமாகக் கொண்ட முகம்மது பளீல் என்பவர் வபாத்தானார் என்று மரண அறிவித்தல் கொடுத்தார்கள். எதிரே தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "யாரு இந்தப் பளீல்?" என்று ஒருவர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி மறுபடியும் பேசியது. இம்முறை 'அம்புக்குறி நானா என்று அழைக்கப்படும்' என்ற சொற்களையும் சேர்த்திருந்தார்கள். "அட, நம்மட அம்புக்குறி நானா!" என்று அந்தக் கடையே எழுந்து நின்றது. நான் சக்கரத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். சீனி வருத்தம் என்ற நீரிழிவில் அவர் மாதக்கணக்காகப் படுத்திருந்தது எனக்குத் தெரியும். என்னை உட்கார வைத்தது அந்தப் பெயர்.

அவரோடு பன்னிரண்டு வருடம் ஒரே கடையில் வேலை செய்தவன் நான். அவர் டயர் பூட்டுவார், நான் சக்கரங்களின் சமநிலை பார்த்துக் கொடுப்பேன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவரை அறிந்த ஊராரான உங்களைக் கேட்டால் உடனே சொல்வீர்கள். ஒரு விளையாட்டுக் காருக்கு டயரைத் தலைகீழாகப் பூட்டினார், கார் உப்பளத்துக்குள் இறங்கியது, அதன் பிறகு பயந்துபோய் எல்லா டயரிலும் சோக்குக் கட்டியால் அம்புக்குறி போடத் தொடங்கினார் என்பீர்கள். கார் இறங்கியது உண்மை. டயரைத் தலைகீழாகப் பூட்டியது நான். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சுமந்து களைத்துவிட்டேன்.

நானா தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து துரத்தியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடையோடு வந்தவர். எங்கள் ஊரில் முப்பது வருடம் வாழ்ந்தும் சிலருக்கு அவர் 'வந்த ஆள்'தான். அதைப் பற்றி அவர் முறையிட்டு நான் கேட்டதில்லை. டயர் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. இரண்டு டயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, நகத்தால் அழுத்தி, ஓரத்தை மடக்கிப் பார்த்து, எது எந்தக் காருக்கு, எது எந்த ஆளுக்கு என்று சொல்வார். அந்தக் கர்வத்தையும் சேர்த்துத்தான் நான் கெடுத்தேன்.

வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. இருந்த காரைப் பிள்ளையைப் போல் எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். நுரைச்சோலையிலிருந்து சிராஜ் என்ற இளம் எஞ்சினியர் ஒரு நாள் தன் சிவப்புக் காரைக் கொண்டுவந்தார். இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, உறுமும் சத்தம். ஜப்பானிலிருந்து வந்தபோது இருந்த டயர்களே தேய்ந்து நின்றன. அதே வகையை மறுபடி போடுவதா, வேகக் கார்களுக்கென்று வெளியில் விற்கும் டயரைப் போடுவதா என்று அவருக்குக் குழப்பம். நானா சிரித்தார். "கம்பெனி டயர் எல்லாரையும் நெனச்சு செஞ்சது மகன். சத்தம் வரக்கூடா, எண்ணெய் குடிக்கக்கூடா, கெதியில தேயக்கூடா எண்டு. வெளி டயர் ஒருத்தன நெனச்சு செஞ்சது. நீங்க யாரெண்டு முதல்ல செல்லுங்க."

சொன்னதோடு விடவில்லை. தெரிந்த இடத்தில் கேட்டு, அதே அளவில் ஒரு சோடி வெளி டயர் இரவல் வாங்கிவந்தார். முதலில் பழையதோடும், பிறகு புதியதை முன்பக்கம் பூட்டியும் பாலாவிச் சந்தி வரை சிராஜை ஓட்டச் சொன்னார். தீர்ப்புச் சொல்ல அவர் பின் ஆசனத்தில் ஏற்றியது கூட வந்திருந்த சிராஜின் உம்மாவை. திரும்பி வந்து அந்தப் பெண் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. "பழசுல எனக்கு நித்திர வந்திச்சு. புதுசுல இவன் என்ன செய்றானெண்டு ஒவ்வொண்டும் முதுகுக்குத் தெரியுது." நானா தொடையில் தட்டிக்கொண்டார். வெளி டயரின் ரப்பர் மென்மை, வளைவில் விடாது பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், சிறு கல்லையும் உடம்புக்குச் சொல்லும் என்று விளக்கினார். அதன் வெட்டுகள் அம்பு முனை மாதிரி ஒரே திசையில் இருந்தன. பக்கவாட்டில் சுழல வேண்டிய திசைக்கு ஒரு சிறிய அம்புக்குறியும் இருந்தது. "மழையில இது கம்பெனி டயர விட நல்லம். தண்ணிய ரெண்டு பக்கமும் வெளியில தள்ளும். நேராப் பூட்டினா மட்டும்," என்றார். சிராஜ் நான்கையும் வெளி டயராகவே போட்டுக்கொண்டார்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குச் சற்று முன், சிராஜ் வந்தார். நானா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தார். முன் டயர் தேய்கிறது, முன்னையும் பின்னையும் மாற்றித் தாருங்கள் என்றார். வேனுக்கும் சாதாரணக் காருக்கும் எங்கள் கடையில் குறுக்காக மாற்றுவதுதான் வழக்கம். முன் இடது பின் வலதுக்குப் போகும், முன் வலது பின் இடதுக்குப் போகும். கை பழகிய வேலை, பாங்கு சொல்லப்போகிற அவசரம் வேறு. நான்கையும் குறுக்காக மாற்றினேன். அம்புக்குறியை நான் பார்க்கவே இல்லை. இடமும் வலமும் மாறியதில் நான்கு டயரும் அம்புக்கு எதிராகச் சுழலத் தொடங்கின. வெளியே தள்ள வேண்டிய தண்ணீரை அவை இனி நடுவுக்கு இழுக்கும். காய்ந்த வீதியில் அது ஒருவருக்கும் தெரியாது.

மழை வந்த வாரம் தெரிந்தது. பாலாவியில் உப்பளத்தை ஒட்டிய வீதியில் கார் தண்ணீர்மேல் மிதந்து, வரம்பைத் தாண்டிப் பாத்திக்குள் இறங்கியது. சிராஜுக்குக் காயமில்லை. பின் ஆசனத்தில் இருந்த உம்மாவின் மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் சிராஜின் மாமாமார் இருவர் கடைக்கு வந்தார்கள். டயரின் அம்புக்குறியைப் படம் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். கடை முதலாளி ஹாஜியார் எங்கள் இருவரையும் பார்த்து, "இத மாத்தினது யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. நானா கையைச் சீலைத் துண்டில் துடைத்தபடி, "நான்தான் ஹாஜியார்," என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

பின்னால் போய், "ஏன் நானா?" என்று கேட்டேன். "ஒனக்கு அடுத்த மாசம் கலியாணம். இந்த ஊர்ல இன்னும் நாப்பது வருசம் நீ டயரோட மாரடிக்கணும். நான் ஊரையே விட்டுட்டு வந்தவன்டா, பேரு போறதா எனக்குப் பெரிசு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்பப் பாக்காம இனி டயரத் தொடாத. தொட்டியெண்டா நானே ஹாஜியார்ட்ட செல்லுவன்," என்றார்.

பேர் போனது அவருக்குப் பெரிதாகத்தான் இருந்தது. மன்னாரானுக்கு என்ன தெரியும் என்றார்கள். வெளி டயரே கூடாது, கம்பெனி டயர்தான் பாதுகாப்பு என்று ஊரே பேசியது. டயர்களைப் பக்கத்தில் கிடத்தி அவர் சொல்லும் அபிப்பிராயத்தை அதன்பின் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் மஞ்சள் சோக்கு வந்தது. திசையே இல்லாத லொறி டயருக்கும் ஆட்டோ டயருக்கும்கூட அம்புக்குறி போட்டார். ஊர் சிரித்தது, பெயர் வைத்தது. பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு டயரும் சமநிலைக்காக என் கைக்கு வரும். அந்த அம்பு என் கண்ணுக்காகப் போடப்பட்டது என்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஜனாஸா நல்லடக்கத்துக்குச் சிராஜ் வந்திருந்தார். கபுறடியில் மண் போட்டுவிட்டு என் அருகில் நின்று, "நல்ல மனுசன். ஒரு பிழ விட்டாரு, அத ஒளிக்கல்ல," என்றார். நான் "ஓம்" என்றேன். நானாவின் உடம்பு மண்ணுக்குள் போன பிறகும் நான் அதே கோழையாகத்தான் நின்றேன்.

இதை எழுதுவதற்கு முன் நுரைச்சோலைக்குப் போனேன். அச்சில் வருவதற்கு முன் சிராஜின் உம்மா என் வாயால் கேட்க வேண்டும் என்று பட்டது. கை முறிந்த நாட்களில் நானா வெள்ளிதோறும் அவரைப் பார்க்கப் போனதும், ஒரு தடவை நானும் கூடப் போய் ஒரு வார்த்தை பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்ததும் அவருக்கு நினைவிருந்தது. நான் சொல்லி முடித்தேன். சிராஜ் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். உம்மா சற்றே கோணலாகப் பொருந்திய தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு தொழுகையிலயும் அந்த மனுசன மன்னிச்சிட்டன் அல்லாவே எண்டு செல்லியிருக்கன் மகன்," என்றார். "அவர மன்னிக்க ஒண்டுமே இருக்கல்லியே. இனி அவர்ட்ட நான் எங்க போய் மன்னிப்புக் கேப்பன்?"



அவருடைய மஞ்சள் சோக்குத் துண்டுகள் ஒரு பால்மா டின்னில் கடையில் இருக்கின்றன. அவற்றை நான் வைத்துக்கொள்கிறேன். அவருடைய சொல்லையும் திருப்பித் தருகிறேன்: அந்த டயர் மழைக்கு நல்லது, அவர் சொன்னது சரி. அவரை இனி பளீல் நானா என்று சொல்லுங்கள், அது அவருடைய வாப்பா வைத்த பெயர். மற்றப் பெயர் என்னுடையது. கடைக்கு வந்து அம்புக்குறி எங்கே என்று யாராவது கேட்டால், எழுந்து வருகிறேன்.