பின்பாதி மட்டும் தெரிந்த மாப்பிள்ளை

வெள்ளிக்கிழமை பின்னேரம். ஞாயிறு முதல் பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளைக்குக் கர்த்தர் கற்பித்த செபத்தில் பாதிதான் தெரிந்திருந்தது. அதுவும் பின்பாதி.

நான் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இருபத்திரண்டு வருடம் மறைக்கல்வி மாஸ்டராக இருந்தவன். மாஸ்டர் என்றால் பெரிய படிப்பு இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். காலையில் மிளகாய்த் தோட்டம், பின்னேரம் கோயில் மண்டபம். முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, எடுக்கும் பிள்ளைகளுக்கும் கல்யாணம் முடிக்கப் போகிறவர்களுக்கும் படிப்பித்தேன். பிள்ளைகள் பரவாயில்லை. என் உயிரை வாங்கியவர்கள் மாப்பிள்ளைமார்தான்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண்ணுடைய பெயரையும் மாப்பிள்ளையுடைய பெயரையும் கோயிலில் வாசிப்பார்கள். அதைத்தான் ஓலை என்போம். ஓலை வாசிக்க முன்னம் இரண்டு பேரும் பாதரிடம் மந்திரம் ஒப்புவிக்க வேண்டும். "இவர்களுக்குச் செபங்கள் தெரியும்" என்று படிவத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். மாப்பிள்ளைமார் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள்; வகுப்புக்கு வா என்றால், "காத்து மாஸ்டர்" என்பார்கள். காற்று இல்லாத நாளில் "மீன் மாஸ்டர்" என்பார்கள். ஒருவன் பத்துக் கட்டளைகளையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தான். வியர்வையில் மை கரைந்து, களவு செய்யாதே என்ற இடத்தோடு நின்றான்.

இந்த மாப்பிள்ளை அருள்தாஸ் அந்த ரகம் இல்லை. சொன்ன நேரத்துக்குக் குளித்து, சேட்டு மாற்றி வந்து நிற்பான். பூசைக்குத் தவறமாட்டான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லுடா" என்றேன்.

கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, "எங்கள் அன்றாட உணவை" என்று தொடங்கினான்.

"அது நடுவில. முதல்ல இருந்து சொல்லு."

"முதல் எண்டா இதுதானே மாஸ்டர்?"

அருள் நிறைந்த மந்திரத்தைக் கேட்டேன். "புனித மரியாயே, இறைவனின் தாயே" என்று நேரே அங்கே இறங்கினான். விசுவாசப் பிரமாணம் கேட்டேன். "தூய ஆவியை நம்புகிறேன்" என்றான். அவனுடைய விசுவாசத்தில் பிதாவும் இல்லை, சுதனும் இல்லை.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள்தான் பெண். அவளுடைய தாய் கிறிஸ்டினாக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாஸ்டர் அண்ணன், இந்த ஞாயிறு ஓலை வாசிக்காட்டி விபூதிப் புதனுக்கு முந்திக் கல்யாணம் இல்ல. தவக்காலத்தில பாதர் முடிச்சு வைக்கமாட்டார். பாஸ்காவுக்குப் பிறகு காத்து மாறிடும். போட் எல்லாம் முல்லைத்தீவுப் பக்கம் வாடி போட்டுத் தங்கப் போயிடும். பிறகு எப்ப வருவானோ?"

அவள் பயந்ததில் பிழையில்லை. ஸ்டெல்லாவுக்கு முன்னமும் ஒரு கல்யாணம் பேசியிருந்தது. சண்டைக் காலத்தில், நிலைமை சரி வரட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். போன மாப்பிள்ளை திரும்பி வரவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. அந்த வீட்டில் தள்ளிப்போடுவது என்ற பேச்சை யாராலும் தாங்க முடியாது.

"ஏண்டா, முன்பாதி எங்கடா போச்சு?" என்று கேட்டேன்.

"அகதி முகாமில மாஸ்டர், ஸ்பீக்கர்ல ஒரு சிஸ்டர் செபமாலை தொடங்குவா. நாங்க கொட்டிலுக்குள்ள இருந்து பின்பாதியை மறுமொழியாச் சொல்லுவம். வளர்ந்து கடல் தொழிலுக்கு வந்தா, போட் ஓட்டி தொடங்குவார், நாங்க மறுமொழி. கோயில்ல நீங்க தொடங்குறீங்க. என்னை எங்கயுமே ஒருத்தரும் தொடங்கச் சொல்லல்லயே."

கோயிலில் நீங்கள் தொடங்குகிறீர்கள் என்று சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. நேரம் போகிறதே என்ற பதற்றம்.

சரி, சொல்லிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். "நான் சொல்லுறதை அப்படியே திருப்பிச் சொல்லு. விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே..."

"எங்கள் அன்றாட உணவை..."

"திருப்பிச் சொல்லு எண்டனான்! மறுமொழி சொல்லச் சொன்னனானா?"

"மன்னிக்க வேணும் மாஸ்டர். நீங்க அந்தக் குரலில தொடங்கினா வாய் தானா ஓடுது."

ஆறு தடவை. ஏழாம் தடவை நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். மண்டபத்து வாசலில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஐஸ் விற்கும் முஸ்லிம் நானா, "என்ன மாஸ்டர், மாப்புளைக்கு ஓதிக் குடுக்கீங்களா? எங்கட பள்ளிவாசல் லெப்பைக்கிட்ட ஒரு மாசம் உடுங்க, பிரம்போட சரியாகும்" என்றார். அவருக்குப் பகிடி. எனக்கு இரத்தக் கொதிப்பு.

சனிக்கிழமை காலை பாதரிடம் போனோம். அவர் எங்கள் பங்குக்குப் புதிது. சிலாபத்துப் பக்கம் பிறந்து, வீட்டில் சிங்களம் பேசி, குருமடத்தில் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர். எதையும் புத்தகத்தில் இருப்பதுபோல முழுதாகக் கேட்பார்.

ஸ்டெல்லா தடங்கல் இல்லாமல் ஒப்புவித்தாள். அருள்தாஸ் வாயைத் திறந்தான், மூடினான். வாசலில் நின்ற கிறிஸ்டினாக்கா செபமாலையை இறுக்கிப் பிடித்தாள்.

எனக்குக் கோபம் பாதர்மேல் திரும்பியது. "பாதர், இவன் நல்ல பிள்ளை. பூசைக்குத் தவறாதவன். பாதி தெரியுது. மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் படிப்பிச்சு விடுறன்" என்றேன்.

"பதறாதீங்க மாஸ்டர். அவருக்குப் பயமா இருக்கு. நீங்க விசுவாசப் பிரமாணத்தை ஒருதரம் முழுசாச் சொல்லிக் காட்டுங்க. கேட்டா அவருக்கு ஞாபகம் வரும்."

இது என்ன பெரிய காரியம்? தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். கணீரென்று போனேன். தீர்ப்பு வழங்க வருவார் என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன்.

பாதர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சனம் மறுமொழி சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

"தூய ஆவியை நம்புகிறேன்" என்று அருள்தாஸ் மெல்லிய குரலில் எடுத்தான்.

"நீங்க இல்ல, தம்பி" என்றார் பாதர். "மாஸ்டர், நீங்களே முடிங்க."

தூய ஆவியை நம்பினேன். திருச்சபையை நம்பினேன். பிறகு பாவமன்னிப்பா, உயிர்ப்பா, எது முதலில்? இருபத்திரண்டு வருடம் தொடங்கிக் கொடுத்துவிட்டு, சனம் மறுமொழி சொல்லும்போது செபமாலை மணியை உருட்டிக்கொண்டு அடுத்துத் தியானிக்க வேண்டிய தேவ இரகசியத்தை யோசித்துக்கொண்டிருந்தவன் நான். அதோடு நின்றேன்.

பாதர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும். படிவத்தை என் பக்கம் தள்ளி, "நாளைக்கு முதல் மணி அடிக்க முன்னுக்கு நீங்களும் தம்பியும் வாங்க. ரெண்டு பேரும் சொல்லுங்க. பிறகு கையெழுத்து" என்றார்.

வெளியில் வந்ததும் கிறிஸ்டினாக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அண்ணன், மாப்பிள்ளைக்குத்தான் தெரியாதெண்டு நினைச்சன்" என்றாள்.

பாதரிலும் கோபம், மாப்பிள்ளையிலும் கோபம். வீட்டுக்குப் போகும் பாதியில் அந்தக் கோபம் எல்லாம் எனக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. சைக்கிளைத் திருப்பினேன்.

அருள்தாஸ் கடற்கரையில் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லாவும் அங்கே இருந்தாள். நானும் மணலில் உட்கார்ந்து ஒரு பக்க வலையை இழுத்துக்கொண்டேன்.

"பின்பாதியைச் சொல்லுடா. மெதுவாச் சொல்லு."

அவன் சொன்னான். நான் திருப்பிச் சொன்னேன். பிழைவிட்ட இடத்தில் திருத்தினான், மரியாதையோடு, ஆனால் விடாமல். நான் முன்பாதியைச் சொல்லிக் கொடுக்கும் முறை வந்தபோது மறுபடி பழைய கதை. நான் தொடங்கினால் அவன் மறுமொழிக்குத் தாவினான்.

ஸ்டெல்லா பொறுமை இழந்தாள். "மாஸ்டர், நீங்க வாயை மூடுங்க. தொடங்குற ஆள் நீங்களெண்டா அவர் எப்பிடித் தொடங்குறது?" அவன் பக்கம் திரும்பினாள். "இஞ்ச பாருங்க. நாளைக்கு எங்கட வீட்டில செபம் ஆர் தொடங்குறது? மாஸ்டர் வருவாரா? ஸ்பீக்கர் வருமா? நான் மறுமொழிக்கு இருக்கிறன். தொடங்குங்க."

அவன் நண்டைக் கீழே வைத்தான். கையைக் காற்சட்டையில் துடைத்தான். முதல் சொல் வர நெடுநேரம் எடுத்தது. வந்த பிறகு இரண்டாவது வந்தது. எங்கே தடக்குப்பட்டாலும் அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள். நான் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் அப்படிக் காத்திருந்தது கிடையாது.

ஞாயிறு, மணி அடிக்க முன்னம், பாதர் பூசை உடுப்பு மாற்றும் அறையில் நாங்கள் ஒப்புவிப்பதைக் கேட்டார். அருள்தாஸ் முதலில் இருந்து ஆமேன் வரை சொன்னான். இரண்டு இடத்தில் நின்றான், தானே எழும்பிப் போனான். பிறகு என் முறை. போய்க்கொண்டே இருந்தேன். பாவமன்னிப்பில் கால் வைத்தபோது, "மாஸ்டர், புனிதர்களின் உறவை விட்டிட்டீங்க" என்று பக்கத்தில் அருள்தாஸின் குரல். திரும்பப் போய் அதையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். பிறகுதான் படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

பூசை முடிவில் பாதர் ஓலை வாசித்தார். இவர்களுக்குள் திருமணத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்ற வசனம் வந்தது. ஒருவரும் அசையவில்லை. பெண்கள் பக்கத்தில் கிறிஸ்டினாக்கா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வகுப்பில் எல்லா நாளும் நீங்களே தொடங்காதீர்கள். ஒவ்வொருவரையும் தொடங்க விடுங்கள், எவ்வளவு நேரம் எடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பாதரிடம் முறைப்பாடு கொண்டுபோக முன்னம், ஒருவரும் இல்லாத இடத்தில் நின்று, நீங்கள் ஒருதரம் முழுதாகச் சொல்லிப் பாருங்கள்.