டேமில் என்னென்ன இருக்கும்

என் மகளை எங்கே கூட்டிக்கொண்டு போவதானாலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போகிற இடத்தில் காதுக்கு என்ன கேட்கும், மூக்குக்கு என்ன வாசனை வரும், காலுக்கடியில் மணலா சிமெண்டா, தொட்டால் சுடுமா குளிருமா, எல்லாம். அவளுக்குப் பதினோரு வயது. சத்தம் நமக்குக் காதோடு போய்விடும். அவளுக்கு உடம்பு முழுக்க ஏறிவிடும். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்குவாள். "இப்போ விசில் வரும் பாப்பா" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் போதும், அதே பிள்ளை அடுப்படி வாசலில் நின்று அதற்காகக் காத்திருப்பாள். விசில் அடித்ததும் "வந்துருச்சு" என்பாள். அவ்வளவுதான். பயமெல்லாம் போன இடம் தெரியாது.

எங்கள் தீவிலிருந்து கப்பலேறிப் போய் மெயின்லேண்டில் காட்டிய டாக்டரம்மா சொன்ன வழி இது. நான் அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டேன். எங்கே போக வேண்டுமோ அங்கே முதலில் நான் மட்டும் போய் நோட்டம் பார்த்துவிட்டு வருவேன். என் வீட்டுக்காரர் சாத்தம் ஜெட்டியில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறார். அவர் வேலை செய்கிற இடத்தை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதற்காகவே ஒரு நாள் லீவு போட்டு ஜெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! மறுநாள் அவளைக் கூட்டிப் போனபோது பாலம் தாண்டியதும் மரம் அறுக்கிற மில்லின் மரத்தூள் வாசனை, "வந்துருச்சு". பேம்பூஃப்ளாட் போகிற ஃபெர்ரியின் ஹாரன், "வந்துருச்சு". நான் சொன்னது ஒன்றும் பிசகியதில்லை. பிசகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயம். வீட்டை விட்டு வெளியே வர அவளுக்கு இருந்த ஒரே தைரியம் என் வாய்ச்சொல்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் என்ன செய்தேன் என்பது புரிய வேண்டும்.

நான் ஒரு கவர்ன்மெண்ட் ஆபீஸில் கிளார்க். எங்கள் தீவில் மழை விட்டு ஜனவரி வந்துவிட்டால் பிக்னிக் போகாதவர் மனுஷரே இல்லை. பஸ் பிடித்து, பிரியாணி கிண்டுகிற பெரிய டேக்சா, கேஸ் அடுப்பு, உரித்த கோழி, ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பெங்காலி, தெலுங்கு, மலையாளி, தமிழ் என்று ஆபீஸே குடும்பத்தோடு கிளம்பும். நான் போனதே இல்லை. மகளை விட்டுவிட்டுப் போக முடியாது, கூட்டிக்கொண்டும் போக முடியாது. மறுநாள் எல்லோரும் ஃபோட்டோ காட்டிச் சிரிக்கும்போது ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். சில வருஷங்களில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். அது வேறு எரிச்சல். கூப்பிட்டாலும் கோபம், கூப்பிடாவிட்டாலும் கோபம், என் குணம் அப்படி.

இந்த ஜனவரியில் பக்கத்து சீட்டுப் பெங்காலிப் பெண், "தீதி, இஸ் பார் ஆனா ஹி படேகா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அக்கா இந்தத் தடவை வந்தே தீர வேண்டுமாம். வெகுதூரம் இல்லை, ஊருக்குக் குடிதண்ணீர் வருகிற டேமின் பூங்காதான், பாப்பாவுக்கும் நன்றாயிருக்கும் என்றாள். ஆசை யாரை விட்டது? சரி என்றுவிட்டேன்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை போய் நோட்டம் பார்த்தேன். அருமையான இடம். மேலே அணை, கீழே பூங்கா, சுற்றிலும் காடு. மகளுக்கென்றே கட்டிவைத்த மாதிரி எனக்குத் தோன்றியது. சத்தம் என்று பார்த்தால் சில்வண்டும், ஒரு ஓரத்தில் பம்ப் ஹவுஸின் முனகலும்தான். அணைச் சுவரில் பாசி படிந்து, தொட்டால் கோடையிலும் குளிரும் போலிருந்தது. மேலே நடைபாதைக் கம்பி வெயிலில் சூடு. தண்ணீர்ப் பக்கமிருந்து வருகிற காற்றில் உப்பு இல்லை. இது பெரிய விஷயம். எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். அங்கே கரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார். "பாக்ஸ் வைப்பாங்களே, அதைச் சொல்லிட்டியா?"

"சொன்னா பாப்பா வரமாட்டா."

"வரலேன்னா வேண்டாம். சொல்லாம கூட்டிட்டுப் போகாத."

"நான் கொறச்சு வைக்கச் சொல்லிருக்கேங்க. ஆபீஸ்ல அந்தப் பொண்ணும் சரின்னு சொல்லிருக்கா."

சொல்லியிருந்தேன்தான். அவளும் "நஹி பஜாயேங்கே தீதி, டென்ஷன் மத் லோ", பாட்டே போடமாட்டோம், கவலைப்படாதே என்றுதான் சொன்னாள். ஆனால் பாட்டுப் போடாத பிக்னிக் இந்தத் தீவில் உண்டா? எனக்குத் தெரியாதா? கேட்டதும் நம்பியதுமாக எனக்கு நானே நாடகம் ஆடிக்கொண்டேன்.

பிக்னிக்குக்கு முதல் நாள் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். பஸ் வளைஞ்சு வளைஞ்சு போகும், வயிறு ஒரு மாதிரி இருக்கும். எறங்கினதும் புல்லு வாசனை. சில்வண்டு கிர்ருனு கத்தும், நிறுத்தவே நிறுத்தாது. பம்ப் உம்முனு ஒரு சத்தம் போடும். சுவரு ஜில்லுனு இருக்கும், கம்பி சுடும். தண்ணி பெரிசா இருக்கும், நம்ம குழாய்ல வர்ற தண்ணி அங்கதான் இருக்கு. காத்துல உப்பு இருக்காது. நிறைய ஆளு இருப்பாங்க, சிரிப்பாங்க. கோழிக்கறி வாசனை வரும்.

அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக ஒன்று கேட்டாள். ஒரு கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பாக்ஸால் பட்டது அவளுக்கு மறக்கவில்லை.

"பாக்ஸ்?"

"பாக்ஸ் இருக்காது" என்றேன்.

மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்ட பிள்ளைக்கு, முகத்தைப் பார்த்து, இல்லை என்று சொன்னேன். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற ஊரில் ஒரு பொய் என்ன என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம்.

"பாக்ஸ் இருக்காது" என்று அவளும் திருப்பிச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

போன நாளின் முதல் பாதியை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்துதான் போகிறது, அதுதான் கஷ்டம். பஸ் வளைந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு "வந்துருச்சு" என்றாள். புல் வாசனை வந்தது. சில்வண்டு கத்தியது. பாசிச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு "ஜில்லு, வந்துருச்சு" என்றாள். மேலே ஏறிக் கம்பியைத் தொட்டுக் கையை உதறிச் சிரித்தாள். பச்சையாகப் பரந்து கிடந்த தண்ணீரைப் பார்த்து நின்று, நாக்கை நீட்டி உதட்டை நக்கினாள். யோசித்தாள். மறுபடி நக்கினாள். "உப்பு இல்ல!" என்று கத்தியே விட்டாள். பக்கத்தில் நின்ற மலையாளி சூப்பரிண்டெண்ட் தானும் நக்கிப் பார்த்து, "அரே ஹாங்!" என்று ஆமோதித்துச் சிரித்தார். எல்லோரும் நக்கிப் பார்த்தார்கள். என் மகள் சொல்லி ஒரு கூட்டமே ஒரு காரியம் செய்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் கீழே இறங்கினேன். சமைக்கிற இடத்திலிருந்து தள்ளி ஒரு பெஞ்சில் அவளை உட்காரவைத்து, கையில் பிஸ்கட்டைக் கொடுத்தேன். பெண்களுக்கு மியூசிக்கல் சேர் என்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "தீதி, ஏக் ராவுண்ட்!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள் அந்தப் பெண். மியூசிக்கல் சேருக்கு மியூசிக் வேண்டும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் போய் வட்டத்தில் நின்றேன். மெதுவாக வைப்பார்கள், தூரத்தில்தானே இருக்கிறாள், ஒரே ஒரு ரவுண்டுதானே. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பாக்ஸ் அலறியது. பஸ்ஸின் பின்சீட்டில் இருந்ததை எப்போது இறக்கினார்கள் என்றுகூட நான் கவனிக்கவில்லை. தரை அதிர்ந்தது. நான் ஓடினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இது எதற்கு? பாட்டுக் கேட்டதும் எல்லோரோடும் சேர்ந்து நாற்காலிகளைச் சுற்றிச் சிரித்துக்கொண்டே ஓடினேன். அரைச் சுற்று ஓடின பிறகுதான் பெஞ்சைப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை.

கட்டிலுக்கடியில் பதுங்குகிற பிள்ளை, எங்காவது ஓடியிருப்பாள் என்று தண்ணீர்ப் பக்கம்தான் முதலில் என் கண் போனது. அவள் ஓடவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நேரே பாக்ஸின் முன்னால் போய் நின்றாள். அந்தப் பாக்ஸைப் பார்த்து, தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ இல்ல! அம்மா சொல்லுச்சு! நீ இல்ல! அம்மா சொல்லுச்சு, நீ இல்ல!"

ஐயோ, அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அவ்வளவு பெரிய சத்தம் முகத்தில் அறைகிறது, அப்போதும் அம்மா சொன்னதுதான் நிஜம், பாக்ஸ்தான் பொய். சில பிள்ளைகள் சிரித்தன. நான் உடனே ஓடிப்போய் அணைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு தரம் சுற்றிலும் பார்த்தேன். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை என்னால் எங்கேயும் கொண்டுபோய்த் தொலைக்க முடியவில்லை.

அப்புறம் யாரோ வயரைப் பிடுங்கினார்கள். அவள் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் போய்ப் பிடித்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தாள்.

பெங்காலிப் பெண் ஆட்டோ பிடித்துக் கொடுத்து, "சாரி தீதி, மேரி கல்த்தி ஹை" என்று அழுதாள். அவள் தப்பாம்! "உன்னை யாரு போடச் சொன்னா?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். என் பொய்க்கு அவளுக்குத் திட்டு. அவள் மறுநாள் என் பங்குக் கோழிக்கறியை டப்பாவில் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான். "அவதான் கேட்டாளே, அப்பவாவது சொல்லக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?" அதோடு விட்டுவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மகளிடம் சொன்னேன். "அம்மா பொய் சொல்லிட்டேன் பாப்பா. பாக்ஸ் இருக்கும்னு தெரியும். தெரிஞ்சே சொல்லல. தப்பு." அவள் சன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சே சொல்லல" என்று திருப்பிச் சொன்னாள். மற்றதைத் திருப்பிச் சொல்வாளே, அதே குரலில்.

பிறகு ஒரு மாதம் எங்கேயும் வரவில்லை. வாசல்படியோடு சரி. நான் இனிமேல் என்ன சொன்னாலும் எடுபடாது என்றுதான் நினைத்தேன். திடீரென்று ஒரு நாள் அவளே வந்து, "உப்பு இல்லாத காத்து" என்றாள். டேமுக்குத்தான் போக வேண்டுமாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்த முறை ஒன்றையும் விடவில்லை. காவல்காரரிடம் அன்றைக்கு எந்தக் கூட்டமும் வராதுதானே என்று கேட்டு, உறுதி செய்துகொண்டு, வார நாளில் லீவு போட்டேன். பஸ்ஸிலிருந்து காற்று வரை எல்லாம் சொன்னேன். அவளும் திருப்பிச் சொன்னாள்.

போனோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். பஸ் வளைந்தது, புல், சில்வண்டு, பம்ப், ஜில்லென்ற சுவர், சுடுகிற கம்பி. ஒவ்வொன்றுக்கும் "வந்துருச்சு", "வந்துருச்சு". மேலே நின்று உதட்டை நக்கி, "உப்பு இல்ல, வந்துருச்சு" என்று சிரித்தாள். அம்மாடி, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே வந்து, "போலாமா பாப்பா, பஸ் வந்துரும்" என்றேன். அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பாப்பா? எல்லாம் வந்துருச்சுல்ல?"

"இன்னும் ஒண்ணு வரல."

"அம்மா சொன்னது எல்லாம் வந்துருச்சே, கண்ணு."

"அம்மா சொல்லாதது" என்றாள். "அது இன்னும் வரல."

அப்படி ஒன்று இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "இருக்காது" என்று இதே பிள்ளையிடம் சொன்ன வாய். மூடிக்கொண்டேன். பஸ் வந்து, நின்று, போனது. அது வரட்டும் என்று அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.