முழங்காலுக்கு மேலே போகாத பந்து

பாரிஸின் தமிழ்க் கடைத் தெருவான லாச்சப்பலில் தடுக்கி விழுந்தால் ஒரு உதைபந்தாட்டப் பயிற்றுநரின் மேல்தான் விழ வேண்டும். மரக்கறிக் கடையில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர், சலூனில் முகம் முழுக்க நுரையோடு கண்ணை மூடியிருப்பவர் என்று எவரைக் கேட்டாலும் ஸ்பெயின்காரன் ஏன் வெல்கிறான், இங்கிலாந்துக்காரன் ஏன் கோட்டை விடுகிறான் என்று ஆளுக்கொரு விளக்கம் வைத்திருப்பார். இவ்வளவு பேரிலும் குறைவாகத் தெரிந்தவன் நான். ஆகவே பிள்ளைகளுக்குப் பயிற்றுநராக என்னைப் பிடித்துப் போட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் சனிக்கிழமை பின்னேரம் வேலை. எனக்கு உணவகத்தில் அன்றைக்கு ஓய்வு. என் தகுதி அவ்வளவுதான்.

எங்களுக்குக் கிடைத்த இடம் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் போகிற வழியில், ரயில் தண்டவாளங்களை ஒட்டி, கம்பி வலை அடித்த ஒரு சீமெந்து முற்றம். பிள்ளைகள் எல்லோரும் இறங்கினால் ஒருவர் விடும் மூச்சு இன்னொருவர் கழுத்தில் படும். வலைக்கு மேலால் போன பந்து தண்டவாளத்துக்குப் போய்விடும். அதை எடுக்கப் பிள்ளைகள் போய்விடுவார்களோ என்று நான் வலையையே காவல் காத்து நிற்பேன். அதனால் ஒரு சட்டம் போட்டேன். பந்து முழங்காலுக்கு மேலே எழும்பினால் அது எதிர்ப்பக்கத்துக்குச் சொந்தம். இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது. முழுக்க முழுக்கப் பயம்தான்.

பதினொரு வயது மட்டில் இருக்கும், ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கலந்த கூட்டம். தங்களுக்குள் பிரெஞ்சில் கதைப்பார்கள். நான் தமிழில் கத்தினால் பிரெஞ்சில் பதில் வரும். அணித் தலைவி என் மகள். தகப்பன் பயிற்றுநர் என்பதால் அல்ல, தகப்பனைவிடச் சத்தமாகக் கத்துவாள் என்பதால். செவ்ரான், பொபினி என்று பாரிஸின் புறநகர்களிலிருந்து வருகிற இந்தக் கூட்டாளிகளை அவள் வாரத்தில் ஒரே ஒரு நாள், அந்த முற்றத்தில் மட்டும்தான் காண்பாள்.

அந்த ஒரு நாளுக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் கோல் காப்பவனின் தாய் ஒரு அலுவலகத்தில் கணக்காளர். கணக்கு அக்கா என்று சொல்வோம். பிள்ளைகள் கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளிக்குப் போகப் போகிறார்கள், இனிச் சனிக்கிழமை பின்னேரம் கணித ரியூசன் என்று பெற்றோர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். வாத்தியாரைக்கூடப் பிடித்துவிட்டார்.

"அக்கா, பிள்ளையள் பாவம்..." என்று இழுத்தேன்.

"தம்பி, நான் நியாயமாத்தான் கதைக்கிறன். கோடை விழாவுக்கு லண்டன் பிள்ளையள் வருகினம்தானே? அவையளுக்கு முன்னாலை எங்கட பிள்ளையள் ஒழுங்கா நிண்டு விளையாடட்டும், சனிக்கிழமை உங்களுக்கு. சும்மா வெயிலுக்கை ஓடித் திரியிற விளையாட்டெண்டா, சனிக்கிழமை எனக்கு."

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மகள் கோழிக்காலைத் தொடவில்லை. வீட்டில் கோழிக்கால் மிஞ்சியது அன்றுதான் முதல் தடவை.

லண்டன் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. அவன் ஒரு வீடியோ அனுப்பினான். பார்த்தேன். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் விளையாடுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். உடனே தொலைபேசியில் வந்தான்.

"அத்தான், பாத்தீங்களே? எங்கட பின்வரிசைப் பெடியன் ஒருக்கா உதைச்சானெண்டா, பந்து கீழை வாறதுக்குள்ளை நீங்கள் ஒரு பிளேன்ரீ குடிச்சு முடிச்சிடுவீங்கள்."

"எங்கட பிள்ளையளும் மோசமில்லை மச்சான்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அன்றிலிருந்து எனக்கு வேலையில் கவனம் இல்லை. உணவகத்தில் உப்புப் போட்ட குழம்புக்குத் திரும்ப உப்புப் போட்டேன். விழாவுக்கு முதல்நாள் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். காணாமற்போன பொருளைத் தேடித் தருகிறவர் அவர். என் தைரியத்தைத் தேடித் தரச் சொல்லிக் கேட்டேன். எந்தக் காலத்தில் தொலைத்தாய் என்று அவர் கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

விழா பொபினியில், நல்ல புல்தரை மைதானத்தில் நடந்தது. மூன்று அணிகள். நாங்கள், லண்டன், விழாக்காரர் கூப்பிட்டதில் ஸ்பெயினின் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய பிள்ளைகள். இறைச்சி றோல்ஸ் பொரித்து விற்கிற கடை போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் எங்கள் ஆட்கள் ஒரு பந்தையும் உருட்ட மாட்டார்கள். அறிவிப்பாளர் கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். மைக்கைக் கண்டால் அவருக்கு நெஞ்சு ஒரு சாண் அகலும்.

முதல் ஆட்டம் லண்டனுக்கும் ஸ்பெயினுக்கும். ஸ்பெயின் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைவிடவும் சின்னப் பிள்ளைகள். மச்சான் என் பக்கம் குனிந்தான்.

"இதென்ன அத்தான், முதல் நன்மை எடுக்க வந்த பிள்ளையளோ?"

கோயிலில் முதல் நன்மை வாங்குகிற ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை நினைத்து நானும் சிரித்தேன். சிரிப்பு வாயில் இருக்கும்போதே ஸ்பெயின் ஒரு கோல் போட்டுவிட்டது.

பிறகுதான் கவனித்துப் பார்த்தேன். ஸ்பெயின் பிள்ளை பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலால் இரண்டு பக்கமும் பார்க்கிறது, தெருவைக் கடக்கிற பிள்ளை பார்ப்பதுபோல. உடம்பை அரைவாசி திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறது. பந்து வந்து காலடியில் அப்படியே படுத்துவிடுகிறது. அடுத்து யாருக்கு என்பது முன்பே முடிவான விஷயம். இடது கால், வலது கால் என்ற பாகுபாடு கிடையாது. லண்டன் பிள்ளைக்குப் பந்து வந்தால் சுவரில் பட்டதுபோலத் தெறித்து ஓடுகிறது. பின்னால் ஓடிப் பிடித்து, வலது காலுக்கு மாற்றி, நிமிர்ந்து பார்க்கிறபோது முதல் நன்மைக்காரர் இரண்டு பேர் முன்னால் நிற்கிறார்கள். வேறு வழி? கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்து ஒரே உதை.

அந்த உதைக்குத்தான் எங்கள் சனம் எழும்பி நின்று விசிலடித்தது! ஊர் மைதானங்களிலிருந்து கொண்டுவந்த பழக்கம். பந்து எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவுக்கு மரியாதை. அது யாரிடம் போய் விழுகிறது என்று எவரும் பார்ப்பதில்லை. "வானத்தைப் பிளந்துகொண்டு செல்கிறது பந்து!" என்று அறிவிப்பாளர் முழங்கினார். கீழே ஸ்பெயின் பிள்ளைகள் அந்தப் பந்தை எடுத்து, சத்தமில்லாமல் நாலைந்து கால்களுக்கு மாற்றி, இன்னொரு கோல் போட்டார்கள். அதற்குக் கிடைத்தது இரண்டு கைதட்டல்.

ஆட்டம் முடிந்தபோது மச்சானின் முகத்தில் பகிடி இல்லை.

"பாத்தீங்களே அத்தான்? எங்கட பிள்ளையள் ஓடுவாங்கள், பாய்வாங்கள், மோதுவாங்கள். பந்து காலுக்கு வந்தாப் பிறகு என்ன செய்யிறதெண்டுதான் தெரியாது."

"ஏன்ராப்பா? அங்கை எல்லா வசதியும் இருக்குத்தானே?"

"வசதி கிடக்கு. சின்னனிலேயே பெரிய மைதானத்திலை இறக்கிவிடுறம். உடம்பு பெருத்தவனைத் தேடி எடுக்கிறம். ஒரு பிள்ளைக்கு எத்தினை தரம் பந்து படும் சொல்லுங்கோ? வெளியிலை நிண்டு தாய் தகப்பன் 'அடி, அடி' எண்டு கத்துதுகள். ஆட்டத்தை வெண்டாச் சரி எல்லாருக்கும். ஸ்பெயின்காரன் பிள்ளைக்கு முதலிலை பந்தைக் குடுக்கிறான். நாங்கள் முதலிலை சப்பாத்தைக் குடுக்கிறம்."

சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினான். "ஆனா உங்களை வெல்லுவம். அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை."

இவ்வளவையும் கண்ணால் கண்டு காதால் கேட்ட ஒரு மனிதன் அடுத்து என்ன செய்ய வேண்டும்? எங்கள் அணி வரிசையில் நின்றது. எதிரே லண்டன் வரிசை. அவர்களின் கோல் காப்பவன் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தான். சூரியன் மறைந்தது. அவ்வளவுதான், என் மூளை கழன்று காலடியில் விழுந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

"இஞ்சை பாருங்கோ. இண்டைக்கு முழங்கால் சட்டம் இல்லை. தூக்கி அடியுங்கோ. எவ்வளவு தூக்கேலுமோ அவ்வளவு!"

பெரிய வெள்ளியன்று ஆட்டிறைச்சி சாப்பிடச் சொன்னதுபோலப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

தூக்கி அடித்துப் பழகாத பிள்ளைகளின் கால் எப்படித் தூக்கும்? ஒரு பந்து பின்னால் போனது. ஒன்று பக்கவாட்டில் போய் றோல்ஸ் கடையின் சோஸ் போத்தலைச் சாய்த்தது. தப்பித் தவறி உயரப் போனவற்றை லண்டன் பிள்ளைகள் மாங்காய் பறிப்பதுபோலத் தலையால் பறித்தார்கள். இடைவேளைக்கு முன் இரண்டு கோல்கள் எங்கள் வலைக்குள். சனம் விசிலடித்து மகிழ்ந்தது. கணக்கு அக்கா விசிலடிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டல் கழித்தல் பார்ப்பதுபோல மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் ரியூசன் வாத்தியாரே வந்து உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பட்டது.

இடைவேளையில் தோடம்பழத் துண்டுகளை நீட்டிக்கொண்டே தொடங்கினேன். "பயப்பிடாதைங்கோ. இன்னும் கொஞ்சம் உயரமா..."

"பப்பா, ஸ்தோப்!" என்று என்னை நிறுத்தினாள் என் மகள். பிறகு பிரெஞ்சில் மளமளவென்று கொட்டினாள். நாங்கள் முற்றத்தில் விளையாடுவதுபோல விளையாடப் போகிறோம், முழங்கால் சட்டத்தோடு, நீங்கள் தயவுசெய்து சும்மா இருங்கள். கோல் காப்பவன், அம்மா என்னையே பார்க்கிறா, நான் உதைக்காவிட்டால் ஏசுவா என்றான். பார்க்கட்டும், நீ பக்கத்தில் நிற்கிறவளுக்கு உருட்டிவிடு என்றாள் இவள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதைத்தானே நானும் சொல்ல வந்தனான்," என்றேன். ஒரு பிள்ளையும் நம்பவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கியதும் கோல் காப்பவன் பந்தைக் கையால் உருட்டிவிட்டான். "அடி! அடி!" என்று சனம் கத்தியது. அவன் தாயின் பக்கம் திரும்பவே இல்லை. லண்டன் பிள்ளைகள் மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். பாய்ந்து வருகிறவர்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்தால் பந்து போனது. அங்கே ஒரு கால் இருந்தது. அதிலிருந்து அடுத்த கால். மூச்சு முட்டுகிற இடத்தில் விளையாடிப் பழகிய பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய புல்வெளி கலியாண மண்டபமாக இருந்தது. என் மகள் தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்தாள், தொட்டாள், விட்டாள். கோல்!

அறிவிப்பாளர் திண்டாடிப் போனார். அவரிடம் இருந்த வசனமெல்லாம் வானத்தில் போகிற பந்துக்கு. தரையில் போகிற பந்துக்கு ஒன்றும் இல்லை. "கொடுக்கிறார்... வாங்குகிறார்... கொடுக்கிறார்... மீண்டும் கொடுக்கிறார்..." என்று தொடங்கியவர், போகப் போகத் தன்னையறியாமல், கோயிலில் புனிதர்களை வரிசையாக அழைக்கும் பிரார்த்தனை மாலை ராகத்துக்குப் போய்விட்டார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்ல வாய் எடுத்த கிழவிகளை நானே கண்டேன்.

இரண்டாவது கோல் இடது காலால் வந்தது. மூன்றாவது, லண்டன் கோல் காப்பவனின் இரண்டு கால்களுக்கும் நடுவால். சூரியனை மறைத்தவனால் தரையை மறைக்க முடியவில்லை.

கடைசி நிமிடங்களில் முன்னுக்கு நிற்கிறோம், இனி என்ன செய்வது? பயம் திரும்ப வந்தது. "அடியுங்கோ! வெளியிலை அடியுங்கோ!" என்று நானே கத்தினேன். அவர்கள் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் மூன்று பேராக நின்று, பந்தை ஆளுக்காள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பார்க்கும் தைரியம் இல்லை. பக்கத்தில் இருந்த தோளில் முகத்தைப் புதைத்தேன். அது எதிரணிப் பயிற்றுநரின் தோள்.

"அத்தான், கண்ணைத் திறந்து பாருங்கோ," என்றான் மச்சான். "என்ன வடிவா விளையாடுறாங்கள்!" தன்னுடைய அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது கைதட்டினான். அவன் நல்லவன். வீடியோ அனுப்பாத நாட்களில் மிகவும் நல்லவன்.

விசில் ஊதியபோது என் மேல் ஒரு அணியே ஏறியிருந்தது.

பின்னேரம் ஸ்பெயின் பிள்ளைகளோடு ஆடினோம், ஒரு கோலால் தோற்றோம். அந்தத் தோல்வியை நான் எந்த வெற்றிக்கும் மாற்ற மாட்டேன். இரண்டு பக்கமும் பந்து தரையை விட்டு எழும்பவில்லை. ஒரு கட்டத்தில் எங்கள் பிள்ளைகள் நீளமாகப் பந்தை மாற்றிக்கொண்டே போக, சனத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் குரல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"குடு! குடடா அவளுக்கு! குடு!"

திரும்பிப் பார்த்தேன். கணக்கு அக்கா. கைப்பை எங்கோ, செருப்பு எங்கோ. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துச் சனம் முழுக்க "அடி"யை விட்டுவிட்டு "குடு, குடு" என்று கத்தியது.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் புல்லில் விழுந்து கிடந்தபோது அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பி உட்கார்ந்தார்கள். என் மகள் என் விரலைப் பிடித்தாள்.

"ரியூசன் வாத்தியாரோடை இப்பத்தான் போனிலை கதைச்சனான்," என்றார்.

"ஓம் அக்கா."

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வரச் சொல்லியிருக்கிறன். சனிக்கிழமை பந்துதான். என்ர பெடியன் நேரத்துக்கு வருவான். நீங்கள் பிந்தாதைங்கோ."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஒலிபெருக்கிச் சத்தமே அமுங்கிப் போனது. அந்த இரைச்சலுக்குள் அக்கா என் காதுக்குக் கிட்ட வந்து இன்னும் ஒன்று சொன்னார்.

"தம்பி, ஒரு உதவி. அடுத்த முறை ஆட்டம் நடக்கேக்கை நீங்கள் மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. பிள்ளையள் வெல்லுவினம்."