குழையப் பிசைந்த சோறு

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு நாய் மணிக்கு ஒன்பது வயது. சோற்றைப் பாதி சிந்திச் சாப்பிடத் தொடங்கியபோது, வயதாகிவிட்டது என்று நினைத்துக் குழையப் பிசைந்து வைத்தேன். வாய் நாறியதற்கு மீன்தலையைக் காரணம் சொன்னேன். இப்படியே இரண்டு மாதம் போனது.

தெருவில் மீன் விற்கும் செல்வியம்மாதான் கேட்டார்: "இன்னா சார், இவன் ஒரு பக்கமாவே மெல்றான்? வாயத் தொறந்து பாத்தியா, இல்ல சோறு மட்டும் போட்டுகினு கீறியா?"

அன்றுதான் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடது கடைவாய்ப் பல்லருகே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கால்நடை மருத்துவமனையில் சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் புற்று என்று தெரிந்தது.

"இடது பக்கக் கீழ்த்தாடைய எடுத்துட்டா பொழைக்கலாம் சார். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா அதுவும் முடியாது" என்றார் மருத்துவர். கையெழுத்துப் போட்டேன். அழுகை வரவில்லை. சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை முழுதாகப் படித்தேன்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் மணி தானாகத் தட்டை நக்கினான். இப்போது நாக்கு இடப்பக்கம் தொங்குகிறது. "இன்னாடா, எனக்கே பழிப்பு காட்றியா?" என்று செல்வியம்மா முள் எடுத்த மீனை வைத்தார்.

ஞாயிறுதோறும் டார்ச் அடித்து அவன் வாயைப் பார்க்கிறேன். தட்டைச் சுற்றிச் சோறு சிந்தியிருந்தால், பிசையும் முன் உதட்டைத் தூக்குகிறேன்.