ஈசானி மூலைத் தண்ணீர்

என் ஓரகத்தி வீட்டுக் கூரைத் தண்ணீர் மூன்று மழைக்காலம் என் தறிப்பட்டறைக்குள் இறங்கியது. அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

எடப்பாடிப் பக்கம் எங்கள் ஊரில், என் கணவரின் அண்ணன் வீடும் எங்கள் பட்டறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவர்கள் மொட்டை மாடிக்குத் தகர சீட்டுப் போட்டபோது, கூரையோரம் முழுக்கத் தண்ணீர் வடியத் தகரக் காவாய் கட்டினார்கள். ஓரகத்தி யூடியூபில் வாஸ்து பார்க்கிறவள். கூரைத் தண்ணீர் ஈசானி மூலைக்கு வடிந்தால்தான் லட்சுமி தங்குவாள் என்று, காவாயின் வாட்டத்தை, அதாவது சரிவை, வடகிழக்கே விடச் சொன்னாள். அவர்கள் வீட்டுக்கு வடகிழக்கில் இருப்பது எங்கள் பட்டறைச் சுவர்.

மழை வந்தால் அத்தனை தண்ணீரும் அந்தச் சுவர்மேல் கொட்டும். சுவர் ஊறி, ஓரத்துத் தறியில் நெய்ய ஏற்றியிருந்த பாவு நூல் நனைந்தது. சிவப்பு நூலின் சாயம் வெள்ளையில் இறங்கி முழுப் பாவும் வீணாயிற்று. அந்தத் தறிதான் எங்களுக்குச் சோறு. போய்க் கேட்டேன்.

"அக்கா, காவாய உங்க வாசப்பக்கம் திருப்பி உடுங்க. பாவெல்லாம் போச்சுங்க."

"மழத்தண்ணிக்கு யாரு சாமி சொந்தக்காரங்க? வானத்துக்கிட்டப் போயிக் கேளு."

முறத்தில் கடலை புடைத்துக்கொண்டே சொன்னாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. என் கணவரோ, அண்ணன் தம்பிக்குள் எதற்கு வம்பு என்று நழுவிவிட்டார். குனியக் குனியக் குட்டுகிறவளிடம் இனிக் கும்பிட்டு ஆகப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

போன சித்திரையில் வெல்டிங் பட்டறைக்காரரை வரச்சொல்லி, எங்கள் சுவர்மேலேயே, அவர்கள் தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேர்க்கீழே ஒரு காவாய் கட்டவைத்தேன். மனுஷன் ரசமட்டம் வைத்து, நூல் பிடித்ததுபோலக் கட்டிவிட்டார். ஏணியில் ஏறி ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். அசையாமல் நின்றது.

"மட்டமா இருந்தாத்தானுங்க பாக்க அழகு."

"அழக வெச்சு நான் என்னங்க பண்றது? தண்ணி ஓடோணும். வாட்டம் உடுங்க."

முனகிக்கொண்டே கிளாம்புகளைக் கழற்றி, ஒன்றைவிட ஒன்று சற்றுத் தாழ்வாகப் போட்டார். இன்னொரு குடம் ஊற்றினேன். சலசலவென்று ஓடி, பைப்பில் இறங்கி, கீழே நான் கட்டியிருந்த சிமெண்டுத் தொட்டியில் விழுந்தது. குப்பை அடைக்காமல் இருக்கப் பைப்பின் வாய்க்கு வலையும் போட்டேன்.

ஐப்பசி மழையில் தொட்டி நிறைந்தது. சுவரில் ஒரு சொட்டு ஈரமில்லை. அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. தொட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். எனக்குப் பக்தி பொங்கியதால் அல்ல. அவள் பார்க்க வேண்டும்.

பார்த்தாள். "என்ன கண்ணு, தொட்டிக்குப் பொட்டெல்லாம் வெச்சிருக்கற?"

"உங்க ஈசானித் தண்ணிங்கக்கா. லட்சுமி எங்கூட்டுத் தொட்டியில வந்து உக்காந்துட்டா. சும்மா உட முடியுங்களா?"

அவள் முகம் செத்துவிட்டது. என் பாவு நனைந்தபோது வராத பதற்றம் அப்போது வந்தது. அந்த வாரமே ஆள் வைத்துக் காவாயைத் திருப்பி, வாட்டத்தைத் தன் வாசல் பக்கம் விட்டாள். வாஸ்துவைவிட வயிற்றெரிச்சல் பெரியது. அவள் வாசலுக்குத் தளம் போட்டவர்கள் வாட்டத்தை வீட்டுக்குள்ளாக விட்டிருந்தார்கள். வாசல் கழுவும்போதெல்லாம் அவள் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை.

அடுத்த மழையில் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் விளக்குமாற்றோடு பட்டறை வாசலுக்கு வந்தாள்.

"கண்ணு, தண்ணி ஊட்டுக்குள்ள வருது. முன்னாட்டவே உம்பக்கம் திருப்பி உட்டரட்டுமா?"

என் காவாய் தாங்கும். தொட்டியிலும் இடமிருந்தது. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன்.

"மழத்தண்ணிக்கு யாருங்கக்கா சொந்தக்காரங்க?" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.