பெபாப் பாடிய தொண்டை

பேரையூர்த் திருவிழா மேடையில் உச்சத்தில் நின்ற என் குரல் சட்டென்று வெறும் காற்றாகிப் போனது. ஜனங்கள் மைக்செட்காரரைத் திட்டினார்கள். பாவம், கோளாறு என் தொண்டையில்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் மெல்லிசைக் குழுவில் கணவர் டிரம்ஸ், நான் பாட்டு. சிற்றலை வானொலி கேட்டே பெபாப் (வேகமான ஜாஸ், பாடுபவர் சொல்லை விட்டுவிட்டு வெறும் அசைகளைத் துள்ளவிடுவார்) கற்றிருந்தேன். அதை அவிழ்த்துவிட்டால் மதுரையே விசிலடிக்கும்!

டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல்நாணில் முண்டு (ஓயாமல் கத்துவதால் விழும் காய்ப்பு) என்றார்.

"பேசவே கூடாதும்மா. கிசுகிசுன்னு பேசுனாலும் கெடும்."

"திரும்பப் பாடுவாளா டாக்டர்?" என்றார் கணவர்.

"மொதல்ல வாய மூடட்டும். அப்புறம் பாப்போம்."

எனக்கு அப்படியொரு கோபம். திட்டவும் வழியில்லை. பாட்டுப் போய்விட்டால் நான் யார் என்ற பயம் வேறு.

அதற்குள் சிம்மக்கல்லில் எங்கள் தெரு முழுக்க, நான் மௌன விரதம் இருப்பதாகப் பேச்சு. எதிர்வீட்டு அக்கா தேங்காய் பழத்தோடு வந்துவிட்டார்.

"தாயி, எம்மகளுக்கு நல்ல எடமா அமையணும். அவ தலையில கை வையி."

மறுக்க வாயில்லை. வைத்தேன். வரன் அமைந்து தொலைத்தது! அப்புறம் வாசலில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

"பாடுனப்பகூட இம்புட்டுக் கூட்டம் வீட்டுக்கு வரலையே!" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முண்டு மெல்லக் கரைந்தது. டாக்டர் பாடச் சொன்னார். கட்டைக் குரல் வந்தது, இழுத்தால் உடைந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுபடி மேடையேறியது திருவாதவூரில். தெருப் பெண்கள் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நீளமாக இழுக்கும் இடம் வந்தது. குரல் உடையப்போவது தெரிந்தது. உடைய விடவில்லை, நானே அதைத் துண்டு துண்டாக நறுக்கினேன். பா தப், தூ பி தா! கணவர் கண்ணை அகல விரித்து, அசைக்கு அசை டிரம்ஸில் விரட்டினார். கட்டைக் குரல் துள்ளியது. ஐயோ, என்ன ஆனந்தம்!

முன்வரிசையில் எதிர்வீட்டு அக்கா எழுந்து கைகூப்பினார். மந்திரமாம். பின்வரிசையில் விசில் பறந்தது.

தொண்டை கெட்டு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய குரல் எனக்கு வரவில்லை. முன்பெல்லாம் தொண்டை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பாடித் தள்ளினேன். இப்போது ஒவ்வோர் அசைக்கும் முன்னால் அதைத் தொட்டு, 'வருவியா?' என்று கேட்கிறேன். கேட்கும் அந்த ஒரு நொடி, முன்பு பாடிய முழுப் பாட்டைவிடப் பெரிதாக இருக்கிறது.