மூன்றாவது தடவை கேட்டால்தான்

"வேண்டாம், வேண்டாம், இப்பதான் டீ குடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே கோப்பையை உள்ளங்கையால் மூடுகிறார் பால்டன். குடிக்கவில்லை. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஊற்ற வந்தவரும் வேறு யாருமில்லை, அவர் மனைவிதான். மூன்றாவது முறை கெட்டிலை நீட்டினால்தான் கை விலகும். பிறகு மடமடவென்று நாலு கோப்பை உள்ளே போகும்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கே எங்கப்பாவை மூணு தடவை கேக்க வச்ச மனுஷன் இவரு" என்பாள் அவள்.

திபெத்தியர்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான். கொடுத்ததும் வாங்கிக்கொண்டால் சோற்றுக்கு அலைகிறவன் என்று நினைப்பார்கள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். டொராண்டோவுக்கு வந்து பதினோரு வருஷத்தில் எங்களுக்கெல்லாம் அது மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. பால்டனுக்கு மட்டும் குறையவில்லை. டிராமில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் மறுப்பார். அவர்கள் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். இவர் வீடு வரைக்கும் தொங்கிக்கொண்டே வந்து என்னிடம் புலம்புவார்: "என்ன ஜனங்க யுட்ரோன் இது! இன்னொரு தடவை கேட்டா வாய் வலிக்குமா?"

கொடுப்பதில் இதற்கு நேர் எதிர். எங்கள் கிடுக்கின் செயலாளர் அவர், கணக்குப் பார்ப்பது நான். கிடுக் என்றால் நல்லது கெட்டதுக்குக் கூடுகிற சங்கம். சனிக்கிழமைதோறும் பூங்காவில் பசியென்று வருகிற எல்லோருக்கும் துக்பா ஊற்றுகிறோம், நூடுல்ஸ் போட்ட ஆட்டுக்கறிச் சூப். இந்த ஊர்க் கிழவர், நேற்று விமானம் இறங்கிய வேற்று நாட்டு அகதி, யாரானாலும் சரி. "போதும்" என்று கிண்ணத்தை இழுத்துக்கொள்கிறவரைத் துரத்திப் போய் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றுவார் பால்டன். "வெக்கப்படறாரு, பாவம்!" வெட்கமில்லை, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வாரம் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை பெரிய அண்டாவை அவர்தான் தூக்குகிறார். அதனால்தான் அவரை எதுவும் சொல்ல முடிவதில்லை. சொல்லாமலும் இருக்க முடிவதில்லை.

போன மாதம் நகரசபை ஆள் வந்து, வீட்டில் சமைத்ததைப் பொது இடத்தில் பரிமாறக் கூடாது, முறையான சமையலறை கிடைக்காவிட்டால் மாதக் கடைசியோடு நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். நூற்றிருபது பேர் சாப்பாடு. எனக்குத் தூக்கமே போய்விட்டது. அந்த நேரத்தில்தான் தெருமூலைத் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற டோரத்தி அம்மாள் பால்டனைக் கூப்பிட்டனுப்பினார். போய்விட்டு வந்தவர் முகம் பூரித்திருந்தது.

"அவங்க சமையலறை சனிக்கிழமை சும்மாதான் கிடக்காம். நம்மளை எடுத்துக்கச் சொல்றாங்க."

"எடுத்துக்கிட்டீங்களா?"

"சேச்சே! உங்களுக்கு எதுக்கு சிரமம்னு மறுத்தேன். திரும்பக் கேட்டாங்க. திரும்பவும் மறுத்தேன், ரொம்ப மரியாதையா."

"மூணாவது தடவை?"

"'அப்படியா, சரி'ன்னுட்டாங்க. பரவால்ல, நாளைக்குக் கேப்பாங்க."

"பால்டன்-லா, உங்க மரியாதையில மண்ணைப் போட! அவங்க ஜென்மத்துக்கும் கேக்க மாட்டாங்க!" பெயரோடு சேர்க்கிற மரியாதை '-லா'வை மட்டும் விடாமல் கத்தினேன்.

அவர் நம்பவில்லை. ஆறு நாள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஜபமாலை உருட்டினார். ஏழாம் நாள், கேக் செய்து விற்கிற ஒரு பெண் அந்த அடுக்களையைக் கேட்டிருக்கிறாள் என்று காதில் விழுந்ததும், மாலை அப்படியே நின்றது. "யுட்ரோன், அந்தத் தாத்தாவுக்கெல்லாம் சனிக்கிழமை யாரு ஊத்துவா?" என்றார். எனக்கு வந்த கோபத்தோடு அழுகையும் வந்தது. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன்.

டோரத்தி அம்மாளுக்கு விஷயம் விளங்க வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

"இன்னும் யாருக்கும் கொடுக்கல. நீங்க எடுத்துக்கிறீங்களா?"

பால்டனின் வாய் தானாகத் திறந்தது. "வே..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, இடது கையால் தன் வாயைத் தானே இறுகப் பொத்திக்கொண்டிருந்தார். பெரியவர்கள் தருவதை இரண்டு கையாலும் வாங்குவதுதான் எங்கள் முறை. பால்டன் ஒற்றைக் கையை நீட்டினார்.